எவ்வளவு நேரம் ஆனாலும்

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பிலிருந்து பிறந்தது என்று ஆரம்பிக்கத்தான் எனக்கு ஆசை. ஆனால் அப்படி ஒரு அழைப்பு வரவே இல்லை. வந்திருந்தாலும் வரவில்லை என்றுதான் சொல்வேன், என் வேலை அப்படி. ஆங்கிலம் பேசும் டாக்டருக்கும் தமிழ் மட்டுமே தெரிந்த நோயாளிக்கும் நடுவே போனில் உட்கார்ந்துகொண்டு, அவர் சொல்வதை இவருக்கும் இவர் சொல்வதை அவருக்கும் மாற்றிச் சொல்வது என் பிழைப்பு. காதில் விழுந்ததை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆகவே கீழே வரும் அக்கா, அவளுடைய வீட்டுக்காரர், டாக்டர் எல்லோரும் என் கற்பனை. தயவுசெய்து நம்புங்கள்.

கதை உண்மையில் பிறந்தது ஒரு துண்டு ஆங்கிலத்திலிருந்து. 'எ வைல்.'

ஒரு டாக்டர், இன்னும் ஆகலாம் என்ற பொருளில், 'இட் குட் பீ எ வைல்' என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிஷமா, நாளா, மாசமா? ஆங்கிலத்தில் அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. மூட்டையைக் கட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் கையில் கொடுத்துவிட்டுப் போகலாம். தமிழில் 'கொஞ்ச' என்று வாயைத் திறந்தால் அடுத்து ஏதாவது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கொஞ்ச நேரமா, கொஞ்ச நாளா, கொஞ்ச காலமா. எங்கள் பக்கம் வந்ததும் மூட்டையைப் பிரிக்கச் சொல்லிவிடுவார்கள்.

பல வருஷமாக இப்படி மற்றவர்களின் மூட்டைகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் என் சொந்த மூட்டை ஒன்றைக் கட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

2

முதல் தொடக்கம்: 'ஆஸ்பத்திரிப் படுக்கையின் அருகே அக்கா காத்திருந்தாள்.'

அடித்துவிட்டேன். காத்திருந்தாள் என்றதும் காத்திருப்பு முடிந்துபோன மாதிரி இருக்கிறது.

இரண்டாவது தொடக்கம்: 'அக்கா காத்துக்கொண்டிருக்கிறாள்.' இது தேவலை. ஆனால் எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. ஆங்கிலக்காரர்கள் இதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். 'ஹேஸ் பீன் வெயிட்டிங்' என்பார்கள். அந்த 'பீன்' இருக்கிறதே, பழையதில் ஒரு காலும் இன்றைக்கு ஒரு காலுமாக நிற்கும் சொல். நேற்றே வந்து உட்கார்ந்தாள், இன்னும் எழுந்திருக்கவில்லை என்று ஒரே மூச்சில் சொல்லிவிடும். நமக்கு அதற்கு 'நேத்துலேருந்து' என்று தனியாக ஒரு சொல்லைக் கூப்பிட வேண்டும். அவர்கள் பெரும்பாலும் 'எவ்வளவு நீளம்' என்று கேட்கிறார்கள். நாம் 'எப்போதிலிருந்து' என்று கேட்கிறோம். நீளத்தைக் கேட்பவருக்கு முடிவு எங்கோ இருந்தாக வேண்டும். தொடக்கத்தைக் கேட்பவருக்கு அந்தக் கவலை கிடையாது.

மூன்றாவது தொடக்கம்: 'மதியம். ஜன்னல் திரை காற்றில் உப்பி, படுக்கையைத் தொட்டு, மறுபடி—'

இதை என் நாத்தனார் அடித்தாள். எங்களுடன் ஒரே வீட்டில் இருக்கிறாள், பல் ஆஸ்பத்திரியில் வேலை, வாயைத் திறந்து காட்டுபவர்களையே பார்த்துப் பழகியதால் யார் எதை மறைத்தாலும் பிடிக்காது.

"திரை எல்லாம் அப்புறம் ஆடட்டும் அண்ணி. யாரு சாகக் கிடக்கறா, அதச் சொல்லுங்க மொதல்ல."

"அப்படிப் பட்டுனு சொல்லிட முடியுமாடி?"

"பின்ன? படிக்கறவங்க என்ன வேலைவெட்டி இல்லாமயா உக்காந்திருக்காங்க?"

சரி. பட்டென்று சொல்கிறேன். அக்காவின் வீட்டுக்காரர் சாகக் கிடக்கிறார். அவர்களுக்கு ஒரே மகள். காலையில் அவர் நன்றாகப் பேசினார், 'நீ பள்ளிக்கூடம் போ கண்ணு, சாயங்காலம் வா' என்று அவரே அனுப்பிவைத்தார். மதியத்துக்குள் பேச்சு நின்று மூச்சு மாறிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு பஸ் மாறிப் போக வேண்டும். பெற்றவர்கள் நேரில் போகாமல் பிள்ளையை வேறு யாரிடமும் அனுப்ப மாட்டார்கள். பிழைக்கப் போன அந்த ஊரில் அக்காவுக்கு வேறு யாரும் கிடையாது. இப்போது கிளம்பினால், திரும்பி வருவதற்குள் அவர் போய்விடலாம். கிளம்பாவிட்டால், மகள் அப்பாவைப் பார்க்காமலே போய்விடலாம்.

கதை இவ்வளவுதான். நான் திரையை ஆட்டிக்கொண்டிருந்ததற்குக் காரணம் பயம்.

3

இனி நான். இங்கேதான் சிக்கல்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. டாக்டர் 'நான் வருந்துகிறேன்' என்றால், 'டாக்டர் வருந்துகிறாராம்' என்று சொல்லக் கூடாது. 'எனக்கு வருத்தமா இருக்கு' என்றே சொல்ல வேண்டும். நோயாளி 'எனக்கு வயிறு வலிக்குது' என்றால் ஆங்கிலத்தில் எனக்குத்தான் வயிறு வலிக்கும். ஒரு நாளில் எனக்கு மூன்று பிரசவம் நடந்திருக்கிறது, மறு வேளையில் கால் முறிந்திருக்கிறது, எழுபது வயதில் கண்ணில் புரை விழுந்திருக்கிறது. எனக்காக ஏதாவது பேச வேண்டி வந்தால் மட்டும், 'மொழிபெயர்ப்பாளர் கேட்கிறார்' என்று என்னை மூன்றாம் மனுஷி ஆக்கிக்கொள்ள வேண்டும்.

[ஓரக்குறிப்பு: வீட்டிலும் இது தொற்றிவிட்டது. ஒரு நாள் சாப்பிடும்போது 'மொழிபெயர்ப்பாளருக்குத் தண்ணி வேணும்' என்றேன். என் வீட்டுக்காரர் எழுந்து எடுத்து வந்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். பாவம்.]

ஆகவே இந்தக் கதையில் எங்கெல்லாம் 'நான்' வருகிறதோ, அது யாருடைய நான் என்று கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள். எனக்கே சில இடங்களில் நிச்சயமில்லை.

இடம்: ஒரு பெரிய கூடம். துணி ஒட்டிய தடுப்புகள், ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒருத்தி அல்லது ஒருவன், தலையில் மைக் வைத்த காதுறை. பக்கத்துத் தடுப்பில் ஒருவன் வேறொரு மொழியில் யாருக்காகவோ தினமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பான். எங்கள் மேற்பார்வைக்கார அம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் மியூட். வாயே திறக்க மாட்டார். தவறு செய்தால் தடுப்பின் மேல் விரலால் தட்டுவார்.

4

அழைப்பு வருகிறது. (வரவில்லை. ஆனாலும் வருகிறது.)

டாக்டரின் குரல் சோர்ந்திருந்தது, ஆனால் அவசரப்படவில்லை. 'ஹீ இஸ் ஸ்டில் வித் அஸ்' என்றார்.

"இன்னும் நம்மகூடத்தான் இருக்கார்," என்றேன்.

[ஓரக்குறிப்பு: 'ஸ்டில்' உட்கார்ந்திருக்கும்போதே ஒரு கண்ணை வாசலில் வைத்திருக்கும் சொல். இதுவரை சரி, இனித் தெரியாது என்பது அதற்குள்ளேயே அடக்கம். நம் 'இன்னும்' அவ்வளவு சுருக்கமாகப் பிரிந்துபோகாது. 'இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ' என்று தட்டின் முன்னால் நின்று கேட்பதும் அதே சொல்தான்.]

"எவ்வளவு நேரம் இருப்பார்னு கேளுங்க," என்றாள் அக்கா. ஸ்பீக்கரில் அவள் குரல் சற்றுத் தள்ளி, தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

டாக்டரிடம் கேட்டேன். 'ஹீ மே லிங்கர்' என்றார். பிறகு அந்த 'இட் குட் பீ எ வைல்.' பிறகு, 'ஐ வில் ஸ்டே வித் ஹிம் அஸ் லாங் அஸ் இட் டேக்ஸ்.'

'லிங்கர்' என்பதற்கு நம் வீடுகளில் ஒரு சொல் இருக்கிறது. உயிர் இழுத்துக்கிட்டு இருக்கு என்பார்கள். ஆங்கிலத்தில் விருந்துக்கு வந்தவர் கிளம்ப மனமில்லாமல் வாசலில் நிற்பதும் லிங்கர்தான். அந்த மென்மையைக் கொண்டுபோய் இழுப்பில் போட எனக்கு மனம் வரவில்லை.

"உடனே போயிட மாட்டார்," என்றேன். "கொஞ்ச..." அங்கே நின்றேன்.

விதிப்படி செய்ய வேண்டியதைச் செய்தேன். டாக்டரிடம், மொழிபெயர்ப்பாளர் கேட்கிறார், மணிக்கணக்கா நாள்கணக்கா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். டாக்டர் பெருமூச்சு விட்டார். அதையும் மாற்றிச் சொல்ல வேண்டும்.

"அது எனக்குத் தெரிஞ்சா நல்லா இருக்கும். சில பேருக்கு மணிக்கணக்கு, சில பேருக்கு ரெண்டு மூணு நாள். இவருக்கு எதுன்னு என்னால சொல்ல முடியல," என்றேன், அவருடைய நானாக. பிறகு, "எவ்வளவு நேரம் ஆனாலும் நான் அவர் கூடவே இருப்பேன்," என்றேன்.

அக்கா அழ ஆரம்பித்தாள். அழுகைக்கு மொழிபெயர்ப்பு கிடையாது. டாக்டரும் நானும் காத்திருந்தோம்.

அப்போது தாழ்வாரத்திலிருந்து யாரோ டாக்டரைக் கூப்பிட்டார்கள். சாதாரணமாகக் கூப்பிடும் குரலல்ல. 'ஐ வில் பீ ரைட் பேக். ஸ்டே ஆன் தி லைன், ப்ளீஸ்' என்று சொல்லிவிட்டு ஓடினார். செருப்புச் சத்தம் தரையில் தேய்ந்து மறைந்தது.

அவரைத் திட்டாதீர்கள். அவர் பொய் சொல்லவில்லை. பக்கத்து அறையிலும் யாரோ ஒருவருக்கு மூச்சு மாறிக்கொண்டிருந்தது.

5

டாக்டர் இல்லாதபோது நோயாளியின் வீட்டாருடன் நாங்கள் பேசக் கூடாது. கேட்டால், டாக்டர் வந்ததும் கேளுங்கள் என்று ஒரே ஒரு பதில். மியூட் அதைத் தினமும் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

"தங்கச்சி," என்றாள் அக்கா. "இருக்கியா?"

"லைன்ல இருக்கேன். டாக்டர் இப்ப வந்துடுவார்."

"நான் ஓடிப்போய் பாப்பாவக் கூட்டிட்டு வந்துடட்டுமா?"

"டாக்டர் வந்ததும் கேளுங்க."

"அவர்கிட்ட என்னத்தக் கேக்கறது? உன்கிட்டத்தான் கேக்கறேன். நீதானே சொன்ன, எவ்வளவு நேரம் ஆனாலும் கூடவே இருப்பேன்னு?"

"அது டாக்டர் சொன்னது அக்கா."

சொல்லியிருக்கக் கூடாது, அந்த அக்காவை. வாயில் வந்துவிட்டது.

"அவர் என்ன சொன்னார்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? எனக்குக் கேட்டது உன் குரல்தானே?"

யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வதுதான் சரி. டாக்டர் ஏதோ சத்தம் போட்டார். வாக்குக் கொடுத்தது நான்.

"இவர தனியா விட்டுட்டுப் போனா என் மனசு ஆறாது," என்றாள். "யாராவது ஒருத்தர் கூட இருந்தாப் போவேன். நீ இருப்பியா மாட்டியா, அத மட்டும் சொல்லு. மாட்டேன்னா நான் போகல. பாப்பாவுக்குக் குடுத்து வச்சது அவ்வளவுதான்னு இருந்துக்கறேன்."

'நான் அவளிடம்—'

'டாக்டர் வந்ததும்—'

6

அந்த இரண்டு அரைகுறை வாக்கியங்களோடு கதையை மூடி வைத்தேன். பல நாள் திறக்கவில்லை.

நாத்தனார் கேட்டாள்: "ஏன் நிக்குது? இருக்கேன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே, என்ன குறைஞ்சுபோச்சு?"

"வேலை போயிடும்டி."

"கதையிலயா?"

"கதையிலதான்."

"கதையில வேலை போனா வீட்டுல அடுப்பு எரியாதா?"

சிரித்தேன். ஆனால் அது வேலையைப் பற்றிய பயமில்லை என்று அவளுக்கும் தெரியும். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருக்காக நான் பிழைத்திருக்கிறேன், பிரிந்திருக்கிறேன், சத்தியம் செய்திருக்கிறேன். எதற்கும் நான் பொறுப்பில்லை. அது எவ்வளவு சுகமான வேலை என்று சொன்னால் உங்களுக்குப் புரியாது. தடுப்புக்குள் உட்கார்ந்தால் நான் ஒரு ஜன்னல். ஜன்னலிடம் யாரும் துணைக்கு இரு என்று கேட்பதில்லை. இவள் கேட்டுவிட்டாள்.

"அவங்க இடத்துல நீங்க இருந்தா?" என்றாள் நாத்தனார்.

"எல்லாரோட இடத்துலயும்தான் தினமும் இருக்கேனே."

"அந்த இருக்கறது வேற அண்ணி."

அதற்குப் பிறகு எழுதினேன். ஒரே சொல்.

"இருக்கேன்."

ஆங்கிலமாக இருந்தால் இங்கே ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். இப்போது இருக்கிறேன் என்பது ஒன்று, இனிமேலும் இருப்பேன் என்பது வேறொன்று, போகாமல் தொடர்ந்து இருந்துகொண்டே இருக்கிறேன் என்பதற்கு 'கீப்' என்று ஒரு தனி வினை. தமிழில் வாசலில் நின்று 'நீ போயிட்டு வா, நான் இருக்கேன்' என்று சொன்னால் எல்லாம் அதில் வந்துவிடும். எவ்வளவு நேரம் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அக்காவும் கேட்கவில்லை. போன் நகரும் சத்தம், தலையணை உறை உரசும் சத்தம். பிறகு அவள் குரல், என்னிடம் அல்ல: "இதோ பாருங்க, தங்கச்சி கூட இருக்கா. நான் பாப்பாவக் கூட்டிட்டு வந்துடறேன். இருங்க."

கதவு மூடும் சத்தம்.

7

மூச்சு மட்டும் கேட்கிறது.

உள்ளே போகும்போது ஒரு சின்னக் கரகரப்பு, வெளியே வரும்போது நீளமாக. நடுவில் ஓர் இடைவெளி. தூரத்தில் எங்கோ தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிடுகிறது. திரை வளையங்கள் கம்பியில் நகர்கின்றன. (பார்த்தீர்களா, திரை வந்துவிட்டது. நாத்தனாரிடம் சொல்லாதீர்கள்.)

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மாற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை. என்னிடம் என்னுடைய வார்த்தைகள் மட்டும்தான் இருக்கின்றன, அவை எப்படி இருக்கும் என்று எனக்கே மறந்துபோயிருக்கிறது.

"அண்ணே," என்றேன். "அக்கா படி இறங்கிட்டு இருக்காங்க."

மூச்சு வந்தது.

"ரோட்டத் தாண்டிட்டு இருக்காங்க. வெயில் கொஞ்சம் இருக்கு, தலையில முந்தானையப் போட்டுக்கிட்டாங்க."

வந்தது.

"பஸ் வந்துட்டு இருக்கு. கூட்டமில்ல. ஜன்னல் ஓரமா எடம் கெடச்சிடுச்சு."

நான் சொல்லச் சொல்ல அந்தப் பஸ் போய்க்கொண்டிருந்தது. என் தடுப்பின் சாம்பல் நிறத் துணியில் மரங்கள் நகர்வதைக் கண்டேன். கடைகள், பாதி திறந்த கதவுகள், மாடியில் துணி உலர்த்தும் ஒரு பெண், எல்லாம் மெதுவாக, இரைச்சலே இல்லாமல் பின்னால் போயின. பக்கத்துத் தடுப்பில் மன்னிப்புக் கேட்பவனின் குரல்கூடப் பஸ்ஸுக்குள் யாரோ தூக்கத்தில் பேசுவதுபோல் ஆகிவிட்டது. நான் 'போச்சு' என்று சொல்லவில்லை. 'வந்தாச்சு' என்றும் சொல்லவில்லை. போயிட்டு இருக்கு, வந்துட்டு இருக்கு என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் அந்த இடைவெளி மட்டும் கொஞ்சம் நீண்டது. ஒவ்வொரு முறையும் அதற்குப் பிறகு மூச்சு வந்தது.

தடுப்பின் மேல் விரல் தட்டியது.

நிமிர்ந்தேன். மியூட் நின்றுகொண்டிருந்தார். டாக்டர் லைனில் இல்லை என்று, நான் ஆங்கிலமே பேசாததிலிருந்து அவருக்குத் தெரிந்துவிட்டது. கையைக் கழுத்தருகே கொண்டுபோய், லைனை வெட்டு என்று சைகை காட்டினார். நான் காதுறையின் ஒரு பக்கத்தைக் கழற்றி அவர் காதில் வைத்தேன். கேட்டார். இடைவெளியையும் கேட்டார். பிறகு, எனக்குத் தெரிந்து முதல் முறையாக, அவர் பேசினார்.

"யாரு அது?"

"எங்கண்ணன்," என்றேன்.

பொய்தான். அழுதுகொண்டே சொன்ன பொய். அவர் தட்டாமல் போய்விட்டார்.

8

முடிவுகளுக்கு வருவோம்.

நாத்தனார் சொல்லும் முடிவு: பாப்பா பள்ளிக்கூடப் பையோடு ஓடி வருகிறாள், அப்பா கண்ணைத் திறக்கிறார். எழுதிப் பார்த்தேன். 'பாப்பா ஓடி வந்து அவர் கையைப்—' அதற்கு மேல் போகவில்லை. ஆசைப்பட்டு எழுதுகிறேன் என்பது எழுத்திலேயே தெரிகிறது.

என் வீட்டுக்காரர் சொல்லும் முடிவு: டாக்டர் திரும்பி வருகிறார், நன்றி சொல்கிறார், லைனை விடச் சொல்கிறார். எனக்கு வேலையும் போகாது, சொன்ன சொல்லும் போகாது. நியாயமான மனிதர், நியாயமான முடிவு. ஆனால் டாக்டர் இன்னும் பக்கத்து அறையில்தான் இருக்கிறார். அங்கேயும் ஒரு கை அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை எப்படி நான் பிரிப்பேன்?

மூன்றாவது முடிவு எனக்குத் தெரிந்தது. 'மூச்சு நின்ற—'

இல்லை. அந்த வினையை முடிக்க ஓர் எழுத்து போதும். முடித்துவிட்டால் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவளிடம் யார் போய்ச் சொல்வது? அவள் இன்னும் பள்ளிக்கூட வாசலைக்கூடத் தொடவில்லை. நான் எழுத மாட்டேன்.

ஆனால் என்னாலும் இதை முடிவில்லாமல் எழுதிக்கொண்டிருக்க முடியாது. குரல் கம்மிவிட்டது. ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறேன். எங்கள் வேலையில் நீண்ட அழைப்புகளுக்கு ஒரு வசதி உண்டு. ஒருவர் களைத்தால், பாதியில் இன்னொருவர் வந்து உட்காரலாம். பேசுபவர்களுக்கு ஆள் மாறியதே தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. யார் வந்து உட்கார்ந்தாலும் 'நான்' என்றுதானே பேசப் போகிறார்?

ஆகவே கொஞ்சம் இப்படி வாருங்கள். ஆமாம், உங்களைத்தான். இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தீர்களே.

இந்த நாற்காலிதான். இடது கைப்பிடி உடைந்திருக்கும், சாய வேண்டாம். காதுறையை நன்றாக அழுத்தி மாட்டிக்கொள்ளுங்கள். முதலில் ஒன்றும் கேட்காது, பயந்துவிடாதீர்கள், அது இடைவெளி. பிறகு வரும்.

அவரிடம் பெரிதாக எதுவும் சொல்ல வேண்டாம். பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா வந்துட்டு இருக்காங்க என்று சொன்னால் போதும். எந்த ஊர்த் தமிழில் சொன்னாலும் அவருக்குப் புரியும். எவ்வளவு நேரம் என்று என்னைக் கேட்காதீர்கள். நானும் டாக்டரைக் கேட்டுப் பார்த்தேன்.

நான் அவளிடம் இருக்கேன் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் எழுந்து போகாத வரைக்கும் அது பொய்யில்லை.

அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். பேசுங்கள்.